வெள்ளை டயர் கறுப்பான வரலாறு

தோட்டத்திலிருந்து வரும் புகைபோட்ட ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தேன் நிறத்தில் தெரியும். கறுப்பு, ரப்பரின் சொந்த நிறம் அல்ல. மோட்டார் வண்டிகள் வந்த புதிதில் அவற்றின் டயர்கள் வெள்ளையாகவோ மங்கிய சாம்பல் நிறமாகவோதான் இருந்தன. பிரான்சின் மிஷலின் கம்பெனி 1898-ல் டயர்களை அடுக்கி ஒரு மனித உருவம் செய்து விளம்பரத்தில் போட்டது. அந்த மனிதன் இன்றுவரை வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், அன்றைய டயர் அப்படி இருந்ததுதான்.

அந்த டயர் எப்படிக் கறுத்தது என்பது எனக்கு வெறும் புத்தகச் செய்தி அல்ல. தமிழ்நாட்டில் ஒரு டயர் கம்பெனியின் மிக்ஸிங் பிரிவில் சேர்ந்து, அங்கேயே சூப்பர்வைசராகி ஓய்வு பெற்றவன் நான். ரப்பரோடு கார்பன் பிளாக்கைக் கலப்பதுதான் எங்கள் வேலை. இன்று கருத்தரங்குகளில் நானோ துகள்களைக் கொண்டு பாலிமரின் உள்ளமைப்பை வேண்டியபடி அமைப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். நல்ல ஆராய்ச்சி, மதிக்கிறேன். ஆனால் அதன் வரலாற்றைப் போன தலைமுறையின் ஆய்வுக்கூடங்களில் தொடங்குகிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அது தொடங்கியது 1904 வாக்கில், லண்டனில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில்.

லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் ஆற்றின் வடகரையில், கப்பல்துறைகளை ஒட்டி சில்வர்டவுன் என்று ஒரு பகுதி இருக்கிறது. சில்வர் குடும்பத்தார் 1850களில் அங்கே தொடங்கிய ரப்பர் தொழிற்சாலையால் வந்த பெயர். பிறகு அது ‘இந்தியா ரப்பர், கட்டாபெர்ச்சா அண்ட் டெலிகிராஃப் ஒர்க்ஸ்’ என்ற பெரிய கம்பெனியாகி, கடலடித் தந்திக் கம்பிகள் செய்து உலகமெங்கும் பதித்தது. 1889-ல் அங்கே சுமார் 3,000 தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கார்ல் மார்க்சின் மகள் எலினார் மார்க்ஸ் அந்தத் தெருக்களில் நின்று பேசினார்; பெண் தொழிலாளர்களைச் சங்கத்தில் சேர்த்தார். செப்டம்பரில் தொடங்கிய போராட்டம் டிசம்பரில் பசியால் தோற்றது. இந்தத் தோல்வியைச் சொல்லாமல் சில்வர்டவுனின் கண்டுபிடிப்பை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கறுப்புத் தூளை மில்லில் கொட்டிப் பிசைந்தவர்களும் அதே தெருக்களில் குடியிருந்தவர்கள்தானே.

அக்காலத்தில் ரப்பரில் எதையாவது கலப்பது புதிதல்ல. சுண்ணாம்புத்தூள், களிமண், துத்தநாக ஆக்சைடு எல்லாம் சேர்த்தார்கள். முக்கால்வாசி, விலை உயர்ந்த ரப்பரை மிச்சம் பிடிப்பதற்காக. புகைக்கரியை நிறத்துக்காகச் சேர்த்தார்கள். நம் ஊரில் ஓலைச்சுவடியில் எழுத்தாணிக் கீறலைத் தெளிவாக்கத் தடவிய அதே விளக்குக்கரி. சில்வர்டவுனின் வேதியியலாளர் எஸ். சி. மோட் கண்டது இதுதான்: நுண்ணிய கார்பன் கரியைத் தாராளமாகச் சேர்த்தால் ரப்பரின் நிறம் மட்டும் மாறவில்லை, ரப்பரே வேறு பொருளாகிவிட்டது. இழுத்தால் விறைத்து நின்றது. கிழிவதற்கும் தேய்வதற்கும் மறுத்தது. பிற தூள்கள் ரப்பரை நிரப்பின. இது அதை வலுவாக்கியது.

காரணம் அன்று யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாமலே அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து குட்ரிச் கம்பெனி அந்த முறையின் உரிமையை வாங்கி, 1910களில் கறுப்பு டயர்களை ‘சில்வர்டவுன்’ என்ற பெயரிலேயே விற்றது. டயர் கம்பெனிகளுக்குக் கார்பன் கொடுத்தவர்களில் பின்னி அண்ட் ஸ்மித் என்ற நிறுவனமும் ஒன்று. நம் வீட்டுக் குழந்தைகள் கையில் வைத்திருக்கும் கிரயோலா மெழுகு வண்ணக்குச்சியை 1903-ல் கொண்டுவந்தது அவர்கள்தான்.

இனி நான் அறிந்த இடத்துக்கு வருகிறேன்.

கார்பன் பிளாக் மூட்டையைப் பிரித்தால் உள்ளே கடுகு போன்ற மணிகள் இருக்கும். விரலால் நசுக்கினால் மாவாகிவிடும். அந்த மாவைப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் நிற்கும் துகள், டயர்களில் நிறையப் புழங்கும் என்330 ரகத்தில், சுமார் 30 நானோமீட்டர் குறுக்களவு. அந்த ரகத்தில் ஒரு கிராம் எடுத்து அத்தனை துகள்களின் மேற்பரப்பையும் கூட்டினால் ஏறக்குறைய 80 சதுர மீட்டர் வரும். எண்ணூற்றைம்பது சதுர அடிக்கு மேல். லாரி டயரின் தரை தொடும் பகுதிக்கு நாங்கள் போட்ட என்220 ரகத்தில் 110 சதுர மீட்டரையும் தாண்டும். நூறு கிலோ ரப்பருக்கு ஐம்பது கிலோ அளவில் இதைச் சேர்க்கிறோம். அவ்வளவு பெரிய பரப்பின் மேலும் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒட்டிக்கொண்டால் அந்த ரப்பர் பழைய ரப்பராக எப்படி இருக்கும்? கார்பன் கலந்து, இன்னும் கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பரைக் கரைப்பானில் நாட்கணக்கில் ஊறப்போட்டாலும் ஒரு பங்கு கரையாமல் கார்பனோடு ஒட்டியே நிற்கும். ட்விஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1925-லேயே இதை எழுதிவிட்டார்.

அளவு மட்டும் போதாது. இந்தத் துகள்கள் தனித்தனியாக இருப்பதில்லை. உலையிலேயே ஒன்றோடொன்று உருகி ஒட்டி, காய்ந்த கருவேல முள்கிளை போலக் கவைவிட்டுப் பிறக்கின்றன. அந்தக் கிளைப்பைத்தான் தொழிலில் ஸ்ட்ரக்சர் என்கிறோம். கிளைகளுக்கு இடையே எவ்வளவு எண்ணெய் இறங்குகிறது என்று பார்த்து அதை அளப்பார்கள். என்326, என்330, என்347 மூன்றும் துகள் அளவில் ஏறக்குறைய ஒன்று. எண்ணெய் அளவில் முறையே 72, 102, 124. கிளை குறைந்த 326-ஐ ஸ்டீல் கம்பிகளைச் சுற்றி நிரப்பும் ரப்பருக்குப் போடுவோம். கம்பி இழைகளின் இடுக்கில் அது நன்றாகப் பாயும். கிளை மிகுந்த 347 போட்டால் ரப்பர் விறைக்கும், ரப்பரைப் பிதுக்கும் எக்ஸ்ட்ரூடரிலிருந்து வரும்போது வடிவம் குலையாது. துகளின் வடிவத்தை வைத்து ரப்பரின் குணத்தைத் தீர்மானிக்கும் இந்த வேலையை என் காலத்தில் பத்தாம் வகுப்பு படித்த ஆபரேட்டர்களும் பெயர் சொல்லாமல் செய்தார்கள். எந்த ரகம் எங்கே போகும், மாறினால் என்ன கெடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எல்லாம் கலப்பதில் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு இரும்பு உருளைகள் கொண்ட மில் மட்டும்தான். உருளை இடுக்கில் ரப்பர் மடிந்து மடிந்து போக, மேலே கரியைத் தூவி, கத்தியால் அறுத்து அறுத்துத் திருப்பிப் போடுவார்கள். பாதிக் கரி ரப்பருக்குள், மீதி மனிதனின் மூக்கிலும் நுரையீரலிலும். கை மாட்டிக்கொண்டு போன விபத்துகள் மில் இருந்த ஊரெல்லாம் உண்டு. 1916-ல் ஃபெர்ன்லி பான்பரி என்பவர் உருளைகளை ஒரு மூடிய அறைக்குள் வைத்து, மேலிருந்து அழுத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் உலகமெங்கும் மிக்ஸிங் பிரிவில் அதை பான்பரி என்றே சொல்கிறோம். என்னைக் கேட்டால், துகள் விஞ்ஞானம் எழுதிய எந்த மேதைக்கும் குறையாத இடம் இந்த மனிதருக்கு வேண்டும். பான்பரி இல்லாமல் கறுப்பு டயர் கோடிக்கணக்கில் வந்திருக்காது.

பான்பரிக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ரப்பரைப் போட்டு மூடியை இறக்கினால் மோட்டாரின் ஆம்பியர் முள் ஏறும். ரப்பர் இளகியதும் இறங்கும். கார்பனைக் கொட்டினால் கொஞ்ச நேரம் சத்தம் தளர்ந்து ஓடும். கரி இன்னும் தனியே உருண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு முள் இரண்டாவது முறை எழும்பி உச்சிக்குப் போகும். ரப்பர் கார்பன் மணிகளின் இடுக்குகளில் எல்லாம் புகுந்து, எல்லாம் ஒரே பிண்டமாகச் சேர்ந்த நேரம் அது. அந்த உச்சியோடு கதவைத் திறந்துவிடுகிறவன் தொழில் தெரியாதவன். அதற்குப் பிறகுதான் மணி உடைந்து, கட்டி உடைந்து, கிளைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து பரவுகின்றன. சூடு 150, 160 டிகிரிக்கு வந்தபின் கொட்ட வேண்டும். கந்தகத்தை அப்போது போடக் கூடாது, வெந்துபோகும். ஆறவைத்து இரண்டாம் முறை ஓட்டும்போது போட்டு, 110 டிகிரிக்குள் இறக்குவோம்.

சரியாகப் பரவியதா என்று பார்க்க எங்களிடம் இருந்த முதல் கருவி சவர பிளேடு. வெந்த ரப்பர்த் துண்டை ஒரே இழுப்பில் அறுத்து, சன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்போம். வெட்டுமுகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் நல்ல பேட்ச். புள்ளி புள்ளியாக மேடு தெரிந்தால் உள்ளே கார்பன் கட்டி உடையாமல் நிற்கிறது. அந்தக் கட்டி, சாலையில் ஓடும்போது விரிசல் தொடங்கும் இடம். நாமக்கல் லாரி ஒன்று ராய்ப்பூர் வழியில் டயர் பிய்ந்து நின்றால், வேர் இப்படி எங்கோ ஒரு ஷிப்டில் அவசரமாகக் கொட்டிய பேட்சில் இருக்கலாம். புதிதாக வரும் ஒவ்வொரு பையனுக்கும் இதைச் சொல்லித்தான் பிளேடைக் கையில் கொடுப்பேன்.

கார்பன் வந்த வழியும் சுத்தமானதல்ல. முதலில் அமெரிக்காவில் இயற்கை எரிவாயுவை ஆயிரக்கணக்கான சிறு சுடர்களாக எரித்து, அவற்றை இரும்புச் சட்டங்களின் அடியில் படவிட்டு, படியும் கரியைச் சுரண்டி எடுத்தார்கள். வாயுவில் இருந்த கார்பனில் நூற்றுக்கு ஐந்து பங்கு தேறினாலே அதிகம். மீதி புகையாகப் போனது. டெக்சாஸின் வடகோடியில் அந்த ஆலைகள் இருந்த ஊர்களில் புகை பல மைல் தூரம் தெரிந்தது.

இதை மாற்றியது போர். 1942-ல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்கு வந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோனது. அங்கே பெரிய தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அவர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப் போனார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். டயரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த ஆண்டைப் பற்றிச் சொல்லும்போது செயற்கை ரப்பரின் வெற்றியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தத் தோட்டங்களையும் சேர்த்து எழுத வேண்டும்.

அமெரிக்கா ஸ்டைரீன்-பியூட்டாடையீன் ரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. இயற்கை ரப்பர் கார்பன் இல்லாமலும் ஓரளவு உறுதியாக இருக்கும். இழுக்கும்போது அதன் சங்கிலிகள் தாமே படிகமாகிப் பிடித்துக்கொள்ளும். இந்தச் செயற்கை ரப்பருக்கு அந்தக் குணம் கிடையாது. வெறும் ரப்பராக இழுத்தால் எளிதில் அறுந்துவிடும். கார்பன் சேர்த்தால் இழுவலிமை சுமார் பத்து மடங்கு ஏறும். ஆக, போரை ஓட்டிய டயர் கார்பனை நம்பியே நின்றது. 1943-ல் ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனி டெக்சாஸின் போர்கரில் எண்ணெயை மூடிய உலையில் எரித்துக் கார்பன் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. உலையில் காற்றையும் சூட்டையும் நேரத்தையும் மாற்றினால் துகளின் அளவையும் கிளைப்பையும் மாற்றலாம். மேலே நான் சொன்ன ரகங்கள் எல்லாம் இந்த உலையின் குழந்தைகள். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பும் ஏறக்குறைய அதே காலத்தில் வந்தது. சில்வர்டவுனுக்குப் பிறகு கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு கழித்து அந்தத் துகளை மனிதன் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தான்.

இந்தியாவில் டன்லப் 1936-ல் வங்காளத்தின் சாஹாகஞ்சில் டயர் செய்யத் தொடங்கியது. சென்னை திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952-ல் ரீட்ரெடிங் ரப்பருக்கும், 1960களில் டயருக்கும் வந்தது. ஃபிலிப்ஸின் உலை முறை 1960களில் துர்காப்பூருக்கு வந்து, நம் நாட்டிலேயே கார்பன் கிடைத்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் மூட்டையை மனிதர்கள்தான் பிரித்துக் கொட்டினார்கள். ஷிப்ட் முடிந்து எத்தனை சோப்பு போட்டாலும் கண் ஓரத்தில் மை தீட்டியதுபோல் நிற்கும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால்தான் போகும். காறித் துப்பினால் கறுப்பு. முகமூடி கேட்டோம், கொடுத்த துணி ஒரு மணி நேரத்தில் அடைத்துக்கொண்டது. தூசி உறிஞ்சும் குழாய் வர வருடக்கணக்கில் மனு எழுத வேண்டியிருந்தது. கார்பன் பிளாக்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில், 2பி பிரிவில், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1996-ல் சேர்த்தது. என்னோடு மூட்டை பிரித்தவர்களில் யாரையும் அதற்குப் பிறகு யாரும் தேடிவந்து சோதிக்கவில்லை.

மறுபடி கலப்புக்கு வருகிறேன். லாரி டயருக்கு இயற்கை ரப்பரோடு பாலிபியூட்டாடையீன் என்ற செயற்கை ரப்பரையும் கலப்போம். கார்பன் இரண்டிலும் சமமாகப் போகாது. பாலிபியூட்டாடையீன் பக்கம்தான் அதிகம் சாயும். ஆகவே முதலில் இயற்கை ரப்பரில் மட்டும் கார்பனை ஏற்றி, பிறகு மற்றதைச் சேர்ப்பது ஒரு வழி. போடும் வரிசையை மாற்றினாலே உள்ளே கரி உட்காரும் இடம் மாறும். டயரின் சூடும் தேய்மானமும் மாறும். பிளாஸ்டிக்கிலும் இதே விதி என்பதை 1991-ல் ஜப்பானில் சுமிதா குழுவினர் காட்டினார்கள். 1994-ல் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தார் பாலிஎத்திலீனும் பாலிஸ்டைரீனும் சந்திக்கும் எல்லையில் மட்டும் கார்பனை நிறுத்தி, எடையில் 0.4 விழுக்காடு கார்பனிலேயே மின்சாரம் பாய வைத்தார்கள். இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால் அவ்வளவு கொஞ்சம் போதும். இதைப் படித்தபோது எங்கள் பான்பரி ஆட்களுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்களுக்கு அது விளங்கவைக்க வேண்டிய செய்தியாகவே இல்லை.

கார்பனுக்கு ஒரு குறையும் உண்டு. ரப்பருக்குள் கார்பன் கிளைகள் ஒன்றையொன்று தொட்டு வலை பின்னுகின்றன. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அந்த வலை உடைந்து மறுபடி சேர்கிறது. உடையும் ஆற்றல் சூடாகப் போகிறது, அதற்கு டீசல் செலவாகிறது. இங்கிலாந்தின் ஏ. ஆர். பெய்ன் 1960களில் இதை நுணுக்கமாக அளந்து காட்டினார். தீர்வு முப்பது ஆண்டு கழித்து வந்தது. மிஷலின் 1992-ல் கார்பனுக்குப் பதில் பெரும்பங்கு சிலிக்கா போட்ட டயரை வெளியிட்டது. சிலிக்காவுக்கு ரப்பர் பிடிக்காது. தன் இனத்தோடு கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு முனை சிலிக்காவையும் மறுமுனை ரப்பரையும் பிடிக்கும் சிலேன் என்ற திரவத்தை ஊற்றி, பான்பரிக்குள்ளேயே அந்த வேதிவினையை முடிக்க வேண்டும். 140 டிகிரிக்குக் குறைந்தால் வினை நடக்காது. 160-ஐத் தாண்டினால் சிலேனில் உள்ள கந்தகமே ரப்பரை வேகவைத்துவிடும். அந்த இருபது டிகிரிக்குள் நிறுத்தி ஓட்டக் கற்றுக்கொண்டது என் பணிக்காலத்தின் கடினமான படிப்பு. அந்த வினையில் வெளிவரும் ஆல்கஹால் ஆவி கண்ணைக் கரிக்கும்.

டொயோட்டா ஆய்வாளர்கள் நைலானில் ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள களிமண் ஏடுகளைப் பிரித்துப் பரப்பியதையும் சொல்ல வேண்டும். ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவான களிமண்ணில், பாரம் ஏற்றிய நைலான் வளையத் தொடங்கும் சூடு 65 டிகிரியிலிருந்து 140-க்கு மேல் போனது. நானோ காம்போசிட் வரலாறுகள் பல அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. அது பெரிய சாதனை. ஆனால் தொடக்கம் அல்ல.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் பிற கல்லூரிகளிலும் ரப்பர், பாலிமர் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். திருவொற்றியூர், அம்பத்தூர், மதுரை, கோவை என்று பழைய மிக்ஸிங் ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எந்த ரப்பரில் எந்தக் கரியை எந்த வரிசையில் போட்டார்கள், முள் எங்கே நின்றபோது கதவைத் திறந்தார்கள், இப்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டு, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். சில்வர்டவுனில் மோட்டின் பெயர் தங்கியது, மில் ஓட்டியவர்களின் பெயர் ஒன்றுகூடத் தங்கவில்லை. நம் ஊரிலும் அப்படி ஆகவிடாதீர்கள்.